விலை கூடிய எண்ணெய் செய்த வினை

நம் பிள்ளைகளில் பலர் இன்று பட்டணத்துப் பட்டறைகளில் கார் வேலை பழகுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்காகவே இதை எழுதுகிறேன். பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கார் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். என் அக்காள் மகன் கண் கலங்கி வாசலில் வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் சம்பந்தம் இல்லைதான்.

அவன் பட்டறைக்குப் பழைய எம்.ஜி.பி. கார் ஒன்று வந்திருந்தது. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. கியர்பெட்டியின் எண்ணெயை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பையன் கடையில் இருந்தவற்றில் விலை கூடியதாகப் பார்த்து, ஜி.எல். 5 என்று போட்ட 90 நம்பர் கியர் எண்ணெயை ஊற்றிவிட்டான். சில வாரங்களில் வண்டி திரும்பி வந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கரகரவென்று பல் கடிக்கிறது, ஓவர்டிரைவ் வழுக்குகிறது. சம்பளத்தில் பிடிப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

“மாமா, நல்ல எண்ணெயைத்தானே ஊற்றினேன்?” என்றான்.

நல்ல எண்ணெய்தான், இடம் தவறிவிட்டது. கியர்பெட்டிக்குள் சின்க்ரோ என்று பித்தளை, வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகத்தில் செய்த வளையங்கள் உண்டு. நாம் கியர் மாற்றும்போது இந்த வளையம் கியரின் கூம்பான பகுதியைப் பிடித்து உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. பிறகே பற்கள் சேரும். சைக்கிள் ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்குமா? அதுபோல, எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையத்துக்குப் பிடிப்பு இல்லை. ஓவர்டிரைவுக்குள் இருக்கும் கூம்பு கிளட்சுக்கும் இதே கதிதான்.

இன்னொரு தீங்கும் உண்டு. கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கியர் எண்ணெயில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். ஜி.எல். 4 தரத்தைவிட ஜி.எல். 5-ல் இது ஏறத்தாழ இரு மடங்கு. எஃகுப் பற்களுக்கு அது காப்பு. மெதுவான மஞ்சள் உலோகத்தையோ நாளடைவில் அரிக்கக்கூடும். ரப்பர் பாலில் ஆசிட் கூடினால் ஷீட் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எம்.ஜி.பி. கியர்பெட்டிக்கு எது பொருத்தம்? கேட்டால் வியப்பீர்கள்: எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20 டபிள்யூ 50 எண்ணெய்தான். காரோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. ஓவர்டிரைவும் அதே எண்ணெயைத்தான் குடிக்கிறது. “50 எங்கே, 90 எங்கே? மெலிசாகிவிடாதா?” என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எண் போடும் முறையே வேறு. கியர் எண்ணெயின் 90-ம் எஞ்சின் எண்ணெயின் 50-ம் சூட்டில் ஏறக்குறைய ஒரே கனம். கட்டியையும் கஜத்தையும் ஒரே கோலால் அளந்த கதையாகிவிட்டது அவன் கணக்கு.

இதைப் படித்துவிட்டு எல்லா ஆங்கிலேயக் கார்களுக்கும் எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள்! கவென்ட்ரியில் செய்த டிரையம்ப் டி.ஆர். 6 காரின் கியர்பெட்டிக்குக் கியர் எண்ணெய் 90-தான் வேண்டும், ஆனால் ஜி.எல். 4 தரத்தில். பழைய மினி காரிலோ எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே தொட்டி, ஒரே எண்ணெய். டின்னில் 4, 5 இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தால் மஞ்சள் உலோகத்துக்கு ஆகுமா என்று விசாரிக்காமல் வாங்க வேண்டாம். ஜி.எல். 5 வீண் சரக்கு என்றும் எண்ணிவிடாதீர்கள். பின் அச்சில் ஒன்றையொன்று இழுத்துத் தேய்க்கும் ஹைபாய்ட் பற்களுக்கென்றே வந்த தரம் அது.

மறுநாள் நானும் அவனுடன் போனேன். கையேடு காருக்குள்ளேயே இருந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை! பழையதை வடித்தார்கள். வடிந்த எண்ணெயில் பொன் துகள் போல் மினுமினுத்தது, வளையத்தின் தேய்மானம். ஓவர்டிரைவ் வடிகட்டியைக் கழுவி, மூன்று லிட்டருக்குச் சற்று மேல் புது எண்ணெய் ஊற்றினார்கள். ஓவர்டிரைவ் சரியாகிவிட்டது. இரண்டாவது கியர் மட்டும் காலைக் குளிரில் இன்னும் முனகுகிறதாம். தேய்ந்த வளையம் வளருமா? முதலாளி பிடித்தத்தைப் பாதியாகக் குறைத்தார். எனக்கு அதுவும் நியாயமாகப் படவில்லை. கையேட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்காதது யார் குற்றம்?

உங்கள் பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். எண்ணெயை வடிக்கும் திருகைத் தொடுமுன், ஊற்றும் வாய் திறக்கிறதா என்று பார்க்கட்டும். பழைய வண்டிகளில் அது இறுகிக் கிடக்கும். உள்ளதை வடித்துவிட்டு, புதியதை ஊற்ற வழியில்லாமல் நிற்கும் வண்டியை ஓட்டவும் முடியாது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும் முடியாது.