கல்லானையின் கரும்பும் கல்நந்தியின் புல்லும்

அற்புதக் கதைகளின் உலகிலே கல்லும் உண்ணும். அது எதை உண்கிறது என்பது நோக்கற்பாலது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து 64 படலங்களுள் 21 ஆவது, கல்லானைக்குக் கரும்பு அருத்திய படலம். சித்தராய் மதுரையில் எழுந்தருளிய இறைவனைச் சோதிக்கக் கருதிய பாண்டியன், கரும்பொன்றைக் கொடுத்து, இதனைக் கோயிற் கல்லானை உண்ணுமாறு செய்க என்றான். சித்தர் நோக்கினார், யானை கரும்பைச் சாறொழுக மென்று உண்டது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்திலும் இதனையொத்த ஐதிகம் வழங்குகின்றது. ஆலயத்தை அழிக்க வந்த போர்த்துக்கேயத் தலைவன், இக்கல்நந்தி புல் உண்ணுமோ என எள்ளினான். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டது என்பர். மட்டக்களப்பிலே போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தது 1628 இலாகும்.

யானைக்குக் கரும்பும் எருதுக்குப் புல்லும் இயல்பான உணவுகளே. எனினும் வேறுபாடு அவ்வளவில் அமையவில்லை. மதுரையிலே சோதித்தவன் அடியவனாகிய அரசன். கதை அவன் மகப்பேற்று வரம் பெறுதலோடு நிறைவுறுகின்றது. தைப்பொங்கலின் மங்கலப் பொருளாகிய கரும்பு அவ்வரத்துக்கு ஏற்ற முன்னறிகுறியாகின்றது. கொக்கட்டிச்சோலையிலோ சோதித்தவன் பகைவன். எவரும் வரம் வேண்டவில்லை, ஆலயம் பிழைத்தலே வேண்டப்பட்டது. அதற்கு இனிமை தேவைப்படவில்லை. வயலும் மாடும் நிறைந்த படுவான்கரையின் புல்லே போதுமாயிற்று.

ஆகவே, இவ்வைதிகத்தை மதுரைக் கதையின் நிழலெனத் தள்ளாது, அந்நியராட்சியை எதிர்கொண்ட மக்களின் நினைவாகவும் ஆராய்தல் தகும்.