அலாஸ்கா கடல் நெடுஞ்சாலை

அலாஸ்கா கடல் நெடுஞ்சாலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநில அரசு நடத்தும் கப்பல் போக்குவரத்து அமைப்பு ஆகும். பயணிகளுடன் அவர்களது வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இதில் இயங்குகின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் துறைமுகம் முதல் அலூசியன் தீவுகளிலுள்ள உனலாஸ்கா வரை ஏறத்தாழ 5,600 கி.மீ. நீளும் இவ்வழித்தடம் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை இணைக்கிறது. பனியாறுகளையும் கடலோர விலங்குகளையும் காண விரும்புவோர் பலர், படுக்கையும் சமையலறையும் கொண்ட மோட்டார்ஹோம் எனப்படும் பெரிய வண்டிகளுடன் இக்கப்பல்களில் பயணம் செய்கின்றனர்.

கடல் சாலையான காரணம்

தென்கிழக்கு அலாஸ்கா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும், செங்குத்தான மலைகளும், பனிவயல்களும் நிறைந்த பகுதி. இங்கு ஊருக்கு ஊர் சாலை அமைப்பது மிகக் கடினம். மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியூர்களிலிருந்து சாலை கிடையாது. ஹெயின்ஸ், ஸ்காக்வே ஆகிய இரு ஊர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றுக்கிடையே கடல்வழித் தொலைவு 25 கி.மீ. கூட இல்லை. சாலை வழியாகச் செல்வதாயின் கனடாவுக்குள் புகுந்து மீண்டும் அலாஸ்காவுக்குள் வர வேண்டும். தொலைவு சுமார் 570 கி.மீ. ஆகிறது.

வரலாறும் பெயர்களும்

மாநில அரசின் சேவை 1963-ஆம் ஆண்டு மலாஸ்பினா, டாக்கு, மட்டனுஸ்கா ஆகிய மூன்று கப்பல்களுடன் தொடங்கியது. தெற்கு முனையம் 1989-இல் சியாட்டிலிலிருந்து பெல்லிங்ஹாமுக்கு மாற்றப்பட்டது. அலாஸ்கா சட்டப்படி இக்கப்பல்களுக்கு அம்மாநிலப் பனியாறுகளின் பெயர்களே சூட்டப்படுகின்றன.

மோட்டார்ஹோமுடன் பயணம்

வண்டிக்கான கட்டணம் அதன் நீளத்தைப் பொறுத்து அமைகிறது. எனவே மோட்டார்ஹோமின் முழு நீளத்தையும் முன்பதிவின்போது சரியாகத் தெரிவிக்க வேண்டும். வண்டியிலுள்ள சமையல் எரிவாயுக் கலன் மூடப்பட்டிருக்க வேண்டும். கப்பல் கடலில் செல்லும்போது வாகனத் தளம் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே வண்டிக்குள்ளேயே தங்கிப் பயணம் செய்ய இயலாது. பயணிகள் அறை எடுத்துத் தங்கலாம். அல்லது சாய்வு இருக்கைகளிலும் திறந்த மேல்தளத்திலும் உறங்கலாம். சிலர் மேல்தளத்தில் கூடாரம் அமைத்து, அதனை ஒட்டுநாடாவால் தரையுடன் பிணைத்துக்கொள்வதும் உண்டு. பெல்லிங்ஹாமிலிருந்து கெச்சிக்கனுக்குச் செல்ல ஏறத்தாழ 38 மணி நேரம் ஆகும்.

ஆங்கரேஜ் நகரிலிருந்து ஒரு சுற்றுப்பயணமும் செய்யலாம். அங்கிருந்து விட்டியர் செல்ல, சுமார் 4 கி.மீ. நீளமுள்ள ஆண்டன் ஆண்டர்சன் சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட இப்பாதை ஒற்றை வழி கொண்டது. தொடர்வண்டியும் இதே வழியில் செல்வதால் இரு திசை வாகனங்களும் முறைவைத்து அனுப்பப்படுகின்றன. விட்டியரிலிருந்து வால்டீசுக்குக் கப்பலில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். பின் வால்டீசிலிருந்து சாலை வழியே திரும்பும்போது வொர்திங்டன், மட்டனுஸ்கா ஆகிய பனியாறுகளைச் சாலையிலிருந்தே காணலாம்.

பனியாறுகள்

மலைகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி உருகித் தீராமல் படிந்து, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகி, மெல்லக் கீழ்நோக்கி நகர்வதே பனியாறு. அடர்ந்த பனிக்கட்டி ஒளியின் சிவப்பு நிறப் பகுதியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் அது நீலமாகத் தோன்றுகிறது. கடலை எட்டும் பனியாற்றின் முகப்பிலிருந்து பெரும் பாளங்கள் உடைந்து விழுந்து மிதக்கின்றன.

விட்டியர்–வால்டீஸ் வழித்தடம் கொலம்பியா பனியாறு இறங்கும் விரிகுடாவின் வாயிலைக் கடந்து செல்கிறது. இப்பனியாற்றின் முகப்பு 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1980 வரை ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றது. அதனைத் தாங்கி நின்றது கடலடி மண்மேடு ஒன்று. பனிக்கட்டி மெலிந்து அம்மேட்டை விட்டு முகப்பு விலகியபின், ஆழ்நீரில் பாளங்கள் விரைந்து உடைந்தன. அன்று தொடங்கி 20 கி.மீ.க்கும் மேல் பனியாறு பின்வாங்கியுள்ளது. இதன் பெயரைத் தாங்கிய 'கொலம்பியா' கப்பல் 1974-இல் சேவைக்கு வந்தபோது பனியாறு தன் பழைய இடத்திலேயே நின்றிருந்தது.

விலங்குகளும் 1989 எண்ணெய்க் கசிவும்

ஹவாய் கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடி இங்கு வருகின்றன. ஓர்க்காக்கள், கடற்சிங்கங்கள், கடல் நீர்நாய்கள், வெண்தலைக் கழுகுகள் ஆகியவற்றையும் கப்பல் தளத்திலிருந்து காணலாம். மிதக்கும் பனிப்பாளங்கள் மீது சீல்கள் குட்டி ஈனுகின்றன. அலாஸ்கா கடலில் படகுகள் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கெஜத்துக்குள் (91 மீ.) நெருங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

1989 மார்ச் 24 அன்று, கொலம்பியா பனியாற்றிலிருந்து மிதந்து வந்த பாளங்களைத் தவிர்க்கத் தன் வழித்தடத்தை விட்டு விலகிய எக்சான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல், உரிய நேரத்தில் திரும்பாமல் பிளை பாறைத்திட்டில் மோதியது. 4 கோடி லீட்டருக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கடல் நீர்நாய்க்குத் தோலடிக் கொழுப்பு இல்லை. அடர்ந்த உரோமமே அதனைக் குளிரிலிருந்து காக்கிறது. எண்ணெய் படிந்ததும் அக்காப்பு அற்றுப்போய், ஆயிரக்கணக்கானவை இறந்தன. பல்லாண்டுகள் கழித்து அவற்றின் எண்ணிக்கை மீண்டது. ஆனால் ஏடி1 எனப்படும் ஓர்க்காக் கூட்டம் மீளவில்லை. 1984-க்குப் பின் அதில் ஒரு குட்டியும் பதிவாகவில்லை. இவ்விபத்தைத் தொடர்ந்து 1990-இல் இயற்றப்பட்ட சட்டம், எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிக்கூடு வேண்டும் என வகுத்தது.

இன்றைய சிக்கல்கள்

கட்டண வருவாய் இயக்கச் செலவுக்குப் போதாமையால், இச்சேவை மாநில அரசின் நிதியைச் சார்ந்துள்ளது. 2019-இல் நிதி பெருமளவு குறைக்கப்பட்டது. அடுத்து வந்த குளிர்காலத்தில், சாலை இணைப்பு இல்லாத கோர்டோவாவுக்குப் பல மாதங்கள் கப்பல் வரவில்லை. சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு பயணத்தின் தள்ளிவைப்பு மட்டுமே. அவ்வூர் மக்களுக்கோ மருத்துவமனைக்குச் செல்வதும், வாகனத்தை வெளியூருக்குக் கொண்டு செல்வதும், பொருள்களைக் குறைந்த செலவில் வரவழைப்பதும் இக்கப்பலையே சார்ந்தவை. சேவைக்கு 'நெடுஞ்சாலை' எனும் பெயர் சூட்டப்பட்டதன் பொருத்தம் இதனால் விளங்கும்.