மேல்மாடி ஷவரில் மோட்டர் ஏன் அசையவில்லை?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் உச்சிமாடியில் குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: தண்ணீர்த் தாங்கி தலைக்கு மேலேயே இருக்க, ஷவரில் மட்டும் ஏன் நூலாக வடிகிறது? கீழ்வீட்டில் கொட்டுகிறதே!

தாங்கி பக்கத்தில் இருப்பதுதான் வினை. அழுத்தத்தைத் தருவது தாங்கியின் கொள்ளளவு அல்ல, உயரம். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். நீர்மட்டம் ஷவருக்கு ஒன்றரை மீட்டர் மேலே என்றால் கிடைப்பது 0.15 பார், மூன்று மாடி கீழே இருப்பவருக்கு அதைப்போல ஏழு மடங்கு. 1886இலிருந்து லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கொழும்புக்கு வந்து சேர்ந்ததும் இந்த உயர வித்தியாசத்தால்தான். வரலாறு இவ்வளவு போதும்.

ஆகவே மோட்டர். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் 'ஓட்டோமெற்றிக்' பம்ப் ஒன்று வாங்கிப் பூட்டுகிறார்கள். ஷவரைத் திறந்தால் அது அசைவதேயில்லை. பம்பில் பழுது எதுவும் இல்லை.

அதற்குள் இருக்கும் ஃப்ளோ சுவிச்சைப் பார்க்கவேண்டும். அத்தனை அழகான பொருள். தண்ணீர் போகும் வழியில் விரல்நுனி அளவில் ஒரு பிஸ்டன், அதில் ஒரு காந்தம். தண்ணீர் ஓடினால் பிஸ்டன் மேலெழும். வழிக்கு வெளியே, மெல்லிய கண்ணாடிக் குப்பிக்குள் இரும்பு-நிக்கல் தகடுகள் இரண்டு, மயிரிழை இடைவெளியில். காந்தம் நெருங்கியதும் தகடுகளும் காந்தமாகி, எதிர்முனைகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், மோட்டர் சுழலும். ஓட்டம் நின்றால் பிஸ்டன் இறங்கும், தகடுகள் தம் விறைப்பாலேயே பிரியும். மின்சாரம் தண்ணீரைத் தொடாமலே அதன் வரவை அறிந்துகொள்கிறது. இந்தக் கண்ணாடிச் சுவிச்சை 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் வால்டர் எல்வுட்.

இந்தப் பம்ப் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி. வாசலுக்கு வந்து வாய்நிறையக் கூப்பிட்டால்தான் படியேறுவார். ஏறிவிட்டால் பந்தி முழுவதையும் தானே இழுத்துப்போட்டுப் பரிமாறுவார். உபசாரம் நின்றதும் எழுந்துவிடுவார். அவரைக் கூப்பிட நிமிடத்துக்கு ஒரு லீட்டரோ இரண்டோ தண்ணீர் தானாக ஓடவேண்டும். ஷவர்த் தலையும் நீர்மட்டமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தால் கூப்பிடக் குரலே எழாது.

அத்தகைய வீட்டுக்கு அழுத்தம் பார்த்துக் கிளம்பும் வகை வேண்டும். ரப்பர் சவ்வுக்குப் பின்னே காற்றடைத்த சிறு பாத்திரம் குழாயை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கும். ஷவரைத் திறந்ததும் அழுத்தம் சரிய, மோட்டர் இயங்கும். எங்காவது ஒரு பைப் சொட்டினால் நடுச்சாமத்திலும் விட்டுவிட்டு இயங்கும்.

பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்து மயங்கவேண்டாம். '30 மீட்டர், நிமிடத்துக்கு 40 லீட்டர்' என்றிருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 30 மீட்டரில் ஒரு சொட்டும் வராது. 40 லீட்டரில் அழுத்தமே இராது.

கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் முதலில் குழாயைச் சோதிப்பது நல்லது. இரும்புக் குழாய் உள்ளே துருவேறியிருந்தால் எந்தப் பம்பும் திணறும். முக்கால் இன்ச் குழாய் அரை இன்ச்சைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் கடத்தும்.

வீதிக் குழாயில் மோட்டரை நேரே பூட்டுவது மட்டும் கூடவே கூடாது. உறிஞ்சும் வேகத்தில் அங்கே அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே போனால், வெடிப்புகள் வழியே வடிகான் தண்ணீர் உள்ளே புகுந்து அயல்வீட்டுக் குடிநீரிலும் கலக்கும். பம்ப் தாங்கியிலிருந்தே தண்ணீர் எடுக்கவேண்டும், ட்ரிப் சுவிச் வழியாகவே மின்சாரம் பெறவேண்டும்.