வேதமும் ரஷ்ய ‘வேத்’தும்: உறவா, கடனா?

ரஷ்ய மொழியில் சூனியக்காரியை ‘வேத்மா’ என்பார்கள். அறிந்தவள் என்று பொருள். செக் மொழியில் அறிவியலுக்கு ‘வ்யெதா’ என்று பெயர். போலந்துக்காரர் ‘வியெம்’ என்றால் ‘எனக்குத் தெரியும்’ என்கிறார். உடனே நமக்கு வேதம் நினைவுக்கு வருகிறது. இச்சொற்கள் இங்கிருந்துதான் அங்கே போயின என்று சொல்பவர்களும் உண்டு. உறவு உண்மைதான். ஆனால் எதுவும் இங்கிருந்து போகவில்லை. அதற்குச் சாட்சி, ஒரு வினைச்சொல்லின் விகுதி.

மேற்சொன்ன ரஷ்ய, செக், போலந்துச் சொற்களுக்கெல்லாம் மூலம், ஸ்லாவிய மொழிகள் பிரியும் முன் வழங்கிய *வேதேதி, ‘அறிதல்’. அம்மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. சொல்லின் முன்னுள்ள நட்சத்திரக் குறி அதைத்தான் தெரிவிக்கிறது. அப்படியானால் இது வெறும் ஊகமா? இல்லை. 863-இல் கிறித்தவ மதப்பரப்பாளர்கள் சிரிலும் மெத்தோதியசும் மொராவியாவுக்குச் சென்றதையொட்டி வளர்ந்த பழைய திருச்சபை ஸ்லாவியத்தில், ‘அறிவேன்’ என்பதற்கு ‘வேமி’ என்ற வடிவத்தோடு ‘வேதே’ என்ற விநோத வடிவமும் கிடைக்கிறது. தன்மை ஒருமையில் இப்படி முடியும் வினை ஸ்லாவியத்தில் வேறு இல்லை. இதற்கு இணை லத்தீனில் இருக்கிறது: ‘வீடி’, ‘கண்டேன்’, சீசரின் புகழ்பெற்ற மூன்று சொற்களில் நடுவிலுள்ளது. இரண்டின் ஈறும் பழைய ‘ஐ’ விகுதியின் வழிவந்தவை. கண்டு முடித்ததால் தெரியும் என்பதே மூலப் பொருள். கிரேக்க ‘ஒய்டா’, காத்திய ‘வைட்’, சமஸ்கிருத ‘வேத’ மூன்றும் இதே வேரிலிருந்து வந்து, இறந்தகால வடிவில் நிகழ்காலப் பொருள் தருகின்றன.

சமஸ்கிருதத்திலிருந்து கடன் வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கடன் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழே சான்று: நாம் ‘வேதம்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டோம், அதன் வினைத்திரிபை எடுக்கவில்லை. ஸ்லாவியத்திலோ திரிபே, இம்மொழிகளுக்கெல்லாம் பொதுவான முதுமொழியின் எச்சமாக நிற்கிறது. அதன் ‘ஐ’ ஈறு சமஸ்கிருத ‘வேத’வில் இல்லவே இல்லை. இல்லாததை எப்படிக் கடன் தர முடியும்? ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் வழுக்கிவிடும். கரடிக்கு ரஷ்யப் பெயர் ‘மெத்வேத்’. ‘தேனை அறிந்தது’ என்று அதைப் பிரித்துச் சொல்பவர் பலர். உண்மையில் அது ‘தேன் உண்பது’. அதிலுள்ள வகரம் தேனைக் குறிக்கும் சொல்லுக்கு உரியது.

‘வேதே’ மதநூல்களுக்கென்று செய்த வடிவமாக இருக்கலாமே என்ற ஐயமும் எழலாம். அதற்கு விடை ரஷ்யரின் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ‘தெரியும்’ என்பதற்கு அவர்கள் இன்று ‘ஸ்னாத்’ என்ற வேறு வினையைத்தான் ஆள்கிறார்கள். ஆனால் ‘வேதே’ தேய்ந்து ‘வேத்’ என்ற இடைச்சொல்லாகி, நம் ‘தானே’, ‘அல்லவா’ போல வாக்கியத்துக்கு வாக்கியம் வந்துகொண்டிருக்கிறது.