சாயநீரும் இசைவாணையும்

நூலில் சாயம் ஏறினால்தான் நெசவாளிக்குக் கூலி. அச்சாயம் கிணற்றில் ஏறிவிட்டாலோ குடியானவனுக்குப் பிழைப்பில்லை. இவ்விருவரும் நமது சங்கத்தில் அங்கத்தினராக இருப்பதால், சாயநீர் பற்றிய சட்டத்தை நாம் ஒருவாறேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பள்ளிபாளையமும் குமாரபாளையமும் காவிரிக் கரையிலேயே உள்ள ஊர்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் சாக்கடையையும் சாயக்கழிவையும் ஏற்று, நாமக்கல் வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆக, எப்பட்டறையின் கழிவும் இறுதியில் ஒரே ஆற்றைத்தான் சேருகிறது.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் விடக்கூடிய தொழிலைத் தொடங்குமுன் மாநில வாரியத்தின் இசைவு பெற வேண்டும். தமிழ்நாட்டில் இவ்வாரியம் 1982-இல் அமைந்தது. பட்டறை நிறுவ ஓர் இசைவாணை, நடத்த மற்றோர் இசைவாணை என இரண்டு உண்டு. நாளொன்றுக்கு எவ்வளவு நீர், எவ்வழியே, எத்தன்மையுடன் வெளியேறலாம் என்பது அதில் குறிக்கப்படும். ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது பொது வரம்பு.

இவ்வுப்பே பெருந்தொல்லை. பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு ஏராளமாக இடுகிறார்கள். சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டால் நிறம் தெளியும், உப்பு போகாது. கண்ணுக்குத் தெளிந்த நீரே கரும்பையும் வாழையையும் கருகச் செய்யும். உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொதிகலனும் வேண்டும். சிறு பட்டறைக்காரர் தனியே தாங்கக்கூடிய செலவன்று அது. பலர் கூடி அமைக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கூட்டுறவுக்கு ஏற்ற காரியமென்றே நாம் கருதுகிறோம். மீட்ட உப்புநீரை மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தலாம்.

காலங்கடந்தால் என்ன நேரும் என்பதற்கு நொய்யல் சாட்சி. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. ஆயக்கட்டுதாரர் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டும் பலன் போதவில்லை. 2011 ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. நிலமிழந்த உழவனை அடுத்துத் தொழிலாளியும் வேலையிழந்தான்.

சட்டத்தின் 25-ஆம் பிரிவில் பலர் அறியாத விதி ஒன்றுண்டு. இசைவு நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். ஒரு வடிகாலால் பாதிக்கப்படும் எவரும் தகுந்த வேளையில் அதைப் பார்வையிடலாம். செல்வோர் வடிகாலின் இடம், தினசரி நீரளவு, இசைவு முடியும் தேதி ஆகிய மூன்றையும் தவறாது குறித்து வருக. கிணற்று நீரைச் சோதித்த தாளையும் உடன் கொண்டுசெல்வது நலம்.