கொள்ளு மட்டும் போதாது

மெலிந்த குதிரையைத் தேற்றுவது தொட்டி நிறையத் தானியம் கொட்டுகிற வேலையல்ல. புல், பல், பொறுமை மூன்றும் சேர்ந்த கணக்கு அது.

புனே நகருக்குத் தென்மேற்கே, சிங்ககட் கோட்டை பார்த்துக்கொண்டிருக்கும் கடக்வாஸ்லா ஏரிக்கரையில் இருக்கிறது தேசிய பாதுகாப்பு அகாடமி. ராணுவத்தில் குதிரையின் இடத்தை டாங்கி பிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் 1955 முதல் இங்கு இயங்கிவரும் அகாடமியில் குதிரையேற்றம் இன்றும் பயிற்சியின் ஒரு பகுதி. 2022-ல் பெண்களும் கேடட்களாகச் சேரத் தொடங்கினார்கள். இங்கு வருபவர்களில் பலருக்குச் சேணத்தில் ஏறுவது அதுவே முதல் தடவை.

விழுந்து எழும் கேடட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கீழே நிற்கும் குதிரையின் பாடு வேறு. புதிதாகப் பழகுபவர் ஒரு பக்கமாகச் சாய்வார், பொத்தென்று உட்காருவார். அதைத் தாங்குவது குதிரையின் முதுகுத் தசை. குதிரை இளைத்தால் அந்தத் தசை வற்றுகிறது. சேணம் எலும்பின் மேல் உட்கார, உராய்ந்து புண்ணாகிறது. பயிற்சிக் குதிரைக்கு எடை என்பது அழகு சம்பந்தப்பட்டதல்ல, பிழைப்பு சம்பந்தப்பட்டது.

குதிரை இளைத்தால் மனிதர்களின் கை முதலில் போவது தானிய மூட்டைக்கு. தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குதிரையின் இரைப்பை அதன் உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவு சிறியது. கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. நார்ச்சத்தைச் செரிக்கும் வேலை பெருங்குடலில், கோடானுகோடி நுண்ணுயிர்களின் உதவியோடு நடக்கிறது. ஒரே வேளையில் தானியத்தை அள்ளிப் போட்டால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அமிலம் ஏறுகிறது, நுண்ணுயிர்கள் சாகின்றன. கடும் வயிற்றுவலி வரலாம். குளம்புக்குள் அழற்சி ஏற்பட்டுக் குதிரை நிரந்தரமாக நொண்டியாகலாம். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது என்பதால் உயிரே போவதும் உண்டு.

பட்டினி கிடந்த குதிரைக்கு ஆபத்து இன்னும் அதிகம். திடீரென்று தானியம் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து சில நாட்களில் செத்துவிடலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகள் இத்தகைய குதிரைகளுக்குச் சொன்ன வழி, காய்ந்த லூசர்ன் தழையைச் சிறு சிறு அளவில் பல வேளை கொடுப்பது. லூசர்னுக்குத் தமிழ் விவசாயி வைத்திருக்கும் பெயரே குதிரைமசால்.

கடிதம் சொன்ன கணக்கு

சஹ்யாத்ரி மலைகளில் குதிரைத் தீவனம் ஒரு காலத்தில் அரசாங்க விஷயம். 1670-களில் சிப்ளூண் அருகே முகாமிட்டிருந்த தன் அதிகாரிகளுக்குச் சிவாஜி எழுதிய கடிதம் புகழ் பெற்றது. இருக்கும் புல்லையும் தானியத்தையும் இஷ்டப்படி இப்போதே தீர்த்துவிட்டால், அடைமழையில் எதுவும் கிடைக்காமல் குதிரைகள் பட்டினியால் சாகும். அது நீங்களே கொன்றதாகும் என்று எச்சரித்தார் அவர். தீவனம் தீர்ந்தால் சிப்பாய் குடியானவனிடம் கைவைப்பான் என்ற கவலையும் அதில் இருந்தது.

கடல் வழியே ஏராளமான குதிரைகளை வாங்கிய பாண்டிய நாட்டின் கதை வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்கு இறைச்சியோடு சமைத்த சோறு கொடுக்கப்பட்டதாக எழுதுகிறார். வறுத்த தானியத்தை வெண்ணெயில் பிசைந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலும் புகட்டினார்கள் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். உபசாரத்தில் குறைவில்லை, ஆனால் குதிரைகள் மடிந்துகொண்டே இருந்தன. பராமரிக்கத் தெரியாததே காரணம் என்பது போலோவின் முடிவு.

முதலில் வாயைப் பார்

இளைத்த குதிரைக்குத் தீவனத்தை மாற்றும் முன் வாயைப் பார்க்க வேண்டும். குதிரையின் பல் வாழ்நாளெல்லாம் வளர்ந்து தேய்வது. சீராகத் தேயாவிட்டால் ஓரங்கள் கத்தி போலாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் அதுதான் அறிகுறி. மருத்துவர் அரத்தால் ராவினாலே பல குதிரைகள் தேறிவிடும். அடுத்தது குடற்புழு. சாணத்தைச் சோதித்த பிறகே மருந்து கொடுப்பது நல்லது. கூட்டமாகத் தீனி வைத்தால் முரட்டுக் குதிரை சாதுவின் பங்கையும் தின்றுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிறகுதான் தீவனம். 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 கிலோ காய்ந்த புல் தேவை. தேற வேண்டிய குதிரைக்கு அது தின்னும் அளவுக்குக் கொடுக்கலாம். மழைக்காலத்தில் கடக்வாஸ்லா பக்கம் எங்கும் பச்சைப்புல்தான். ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 7 கிலோ காய்ந்த புல்லுக்கு ஈடாக 30 கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். பசுமையைப் பார்த்து ஏமாந்தால் குதிரை மழையிலேயே இளைக்கும்.

புல் போதாதபோதுதான் ஓட்ஸ், பார்லி, ஊறவைத்த அல்லது வேகவைத்த கொள்ளு. ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக்கூடாது. எந்த மாற்றத்தையும் பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும். தவிட்டை மட்டும் நம்பினால் பாஸ்பரஸ் மிகுந்து, சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு கெடும். குதிரைமசால் அதை ஈடுகட்டும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இங்கேயும் பாதி பொருந்துகிறது. பித்தப்பை இல்லாத பிராணி என்றாலும் குதிரை எண்ணெயை நன்றாகவே செரிக்கும். எடைக்கு எடை மாவுச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தருவது எண்ணெய். பெருங்குடலையும் புளிக்க வைக்காது. சில கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

எடை ஏறுகிறதா என்று அறியத் தராசு தேவையில்லை. தையல்காரரின் நாடா போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. அமெரிக்காவில் டான் ஹெனகே 1983-ல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இன்னும் எளிது. அதில் 5 நல்ல நிலை: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

அந்த நிலைக்கு வர வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். அதுவரை சேணத்தை இறக்கி வைக்க மனம் வேண்டும். வந்த பிறகும் நாடாவைத் தூக்கி எறியக்கூடாது. குதிரைக்கு மழைக்காலம் வருடாவருடம் வரும்.