கெர்னலைத் தொட்டுப் பார்க்க போர்டு வேண்டியதில்லை

கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கியதும் லினக்ஸ் நேராக வந்துவிடுவதில்லை. மதர்போர்டிலுள்ள ஃபர்ம்வேர் முதலில் கண்விழித்து, கிரப் போன்ற பூட்லோடரிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மெமரியில் ஏற்றுவது பூட்லோடர்தான். இந்தப் படிகளைத் தாண்டவும் வழி உண்டு. 2003-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட கியூஎமு, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை மென்பொருளாகவே உருவாக்கிக் காட்டும் எமுலேட்டர். கெர்னல் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். டிஸ்க்கும் பூட்லோடரும் இல்லாமலேயே அதை மெமரியில் வைத்து ஓட்டிவிடும். ஆனைமலையிலிருந்து கோவைக்குப் பொறியியல் படிக்கப் போகும் மாணவருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் இந்த வழியில்தான் தொடங்க வேண்டும்.

நம் கல்லூரி லேப்களில் பெரும்பாலும் நடப்பது யூனிக்ஸ் கட்டளைகளும், சி மொழியில் எழுதும் ஷெட்யூலிங் கணக்குகளும்தான். அந்த நிரல்கள் கெர்னலின் மேலே ஓடுபவை. அவற்றை எத்தனை எழுதினாலும் கெர்னலுக்குள் கை படாது. அமெரிக்காவின் எம்ஐடி பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 சில ஆயிரம் வரிகளே கொண்ட சிறிய கெர்னல். ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர் வகைக்கான அதன் வடிவம் ஃபர்ம்வேர்கூட இல்லாமல் கியூஎமுவில் நேரடியாக எழுகிறது. ஷெட்யூலரில் ஒரு வரியை மாற்றி, மறுபடி கம்பைல் செய்து, சில நொடிகளில் விளைவைப் பார்க்கலாம். கெர்னல் முறிந்தாலும் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. பிராசஸரின் முதல் கட்டளையிலேயே நிறுத்தி, ஜிடிபி டிபக்கரால் ஒவ்வொரு படியாக நகர்த்தவும் முடியும். அசல் போர்டில் இதற்கே தனிக்கருவி வாங்க வேண்டியிருக்கும் (அதன் விலை போர்டையே மிஞ்சுவதும் உண்டு).

கியூஎமு வெறும் பொம்மை, அசல் சிப்பின் குணம் இதில் தெரியாது என்பார்கள். பாதி உண்மை. உதாரணமாக, சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் வடிவமைத்த சக்தி பிராசஸர் 2018-இல் சிப்பாகவே வந்து லினக்ஸை ஓட்டியது. அதன் சி வகைக்கு 2021-இல் கியூஎமுவில் சேர்ந்த மாதிரியில் இருப்பவை ஒரு கோர், டைமர், இன்டரப்ட் கன்ட்ரோலர், ஒரு யூஆர்ட் சீரியல் போர்ட் ஆகியவையே. மின்செலவு, சூடு, துல்லியமான வேகம் எதையும் அதில் அளக்க முடியாது. டிரைவர் எழுதுபவர் போர்டிடம் போயே ஆக வேண்டும். ஆனால் ஷெட்யூலரும் பேஜ் டேபிளும் புரியாதவர் கையில் போர்டைக் கொடுத்து என்ன பயன்? பூட்லோடரைத் தவிர்ப்பது மாணவர்களுக்கான சலுகை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்னும் மெய்நிகர் இயந்திர மென்பொருளும் லினக்ஸ் கெர்னலை நேரடியாகவே எழுப்புகிறது. அந்நிறுவனத்தின் லாம்டா கிளவுட் சேவை அதன்மேல்தான் ஓடுகிறது. கியூஎமு, எக்ஸ்வி6 இரண்டுக்கும் காசு கிடையாது. கோவைக் கல்லூரி ஆசிரியர்கள் வரும் செமஸ்டரிலேயே ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்கட்டும்.